செம்புக்குள் இறங்கிய குரோம்

அந்தத் தொழிற்சாலைக்குள் நுழைகிற கம்பி வெளியே போவதற்குள் ஒரே குடும்பத்தின் கைகளில் மூன்று முறை பட்டுவிடும். முலாம் போடுவது கணவர். உலையில் சுடுவது கணவரின் அக்கா. சுட்ட கம்பியின் செம்பு எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று அளந்து சொல்வது மனைவி. "மாமியார் ஒருத்தர்தான் பாக்கி. அவங்களையும் வாசல்ல உக்கார வெச்சுட்டா கம்பி வீட்டை விட்டே வெளிய போகாது" என்று பொட்டலம் கட்டும் பிரிவில் கிண்டல் செய்வார்கள். மாமியார் காலமாகி வெகு காலம் ஆகியிருந்தது. அது தெரிந்தும் கிண்டல் நிற்கவில்லை.

அளப்பவளுக்குத் தராசு என்று பட்டப்பெயர். அவள் அதைப் பெருமையாகவும் எடுத்துக்கொள்ளவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. எண் என்ன வருகிறதோ அதைச் சொல்வாள். கூட்டியும் சொல்ல மாட்டாள், குறைத்தும் சொல்ல மாட்டாள். வீட்டில் மகளின் தலைமுடி எவ்வளவு உதிர்கிறது என்று கேட்டால்கூட முகத்தைப் பார்த்து ஆறுதல் சொல்ல வராது. சீப்பை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வாள்.

அவர்கள் செய்தது சாதாரணக் கம்பி அல்ல. பென்சில் முள் அளவே தடிமன் இருக்கும். அதற்குள் மயிரிழையை விட மெல்லிய நூற்றுக்கணக்கான இழைகள். நன்றாகச் சுட்டெடுத்து, பிறகு திரவ ஹீலியத்தில் முக்கிக் குளிரவைத்தால் அந்த இழைகள் வழியே மின்சாரம் எந்தத் தடையும் இல்லாமல் ஓடும். அப்படிப்பட்ட கம்பிகளைச் சேர்த்து முறுக்கி, சுருளாகச் சுற்றினால் பெரிய பெரிய காந்தங்கள் செய்யலாம். இழைகளைச் சுற்றி ஓர் உறையாகச் செம்பு இருக்கும். எல்லாம் ஒழுங்காக நடக்கும்வரை செம்புக்கு வேலையே இல்லை. இழை எங்காவது ஓரிடத்தில் கொஞ்சம் சூடாகித் தன் குணத்தை இழந்துவிட்டால், அத்தனை மின்சாரமும் ஒரே பாய்ச்சலில் செம்புக்குத் தாவும். செம்பு சுத்தமாக இருந்தால் தாங்கிக்கொள்ளும். அழுக்காக இருந்தால் கொதித்துப் போகும். கம்பி உருகும், காந்தம் போகும்.

கம்பிகளை உலையில் வாரக்கணக்கில் சுட வேண்டும். அப்போது பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளின் செம்பு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டாமல் இருக்கத்தான் மேலே குரோம் முலாம். அந்த முலாமில் அவள் கணவரை மிஞ்ச ஆள் கிடையாது என்று ஊழியர்கள் சொல்வார்கள். அவர் தொட்டியிலிருந்து வருகிற கம்பியில் முகம் பார்க்கலாம். பென்சில் முள் அளவு கம்பியில் எந்த முகத்தைப் பார்ப்பது என்று அவர் அக்கா கேட்பார்.

வீட்டில் தொழிற்சாலைப் பேச்சு பேசக் கூடாது என்று கணவனும் மனைவியும் திருமணமான புதிதிலேயே முடிவு செய்திருந்தார்கள். மாடியில் குடியிருந்த நாத்தனாருக்கு அந்த விதி தெரியும். ஆனால் அது தனக்கில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்த ஆண்டு ஓர் ஆராய்ச்சிக் கூடத்துக்காகப் பெரிய சுருள் ஒன்று செய்யப்பட்டது. சுற்றி முடித்து, பெரிய உலையில் வைத்துச் சுட்டு எடுத்தார்கள். சுருளோடு கூடவே மாதிரிக் கம்பிகள் சிலவற்றையும் ஒரு குழாயில் போட்டுச் சுடுவது வழக்கம். சுருளை வெட்டிப் பார்க்க முடியாது. அதனால் மாதிரியை அளந்து சுருள் எப்படி என்று தெரிந்துகொள்வார்கள். இந்த முறை சுருளைத் தூக்கும்போது கிரேனின் கொக்கி ஆடி அந்தக் குழாயில் மோதியது. உள்ளே இருந்த மாதிரிகள் எல்லாம் நசுங்கிவிட்டன. நசுங்கிய செம்பை அளந்தால் வருகிற எண்ணை நம்ப முடியாது.

மேலாளர் துடித்துப் போனார். எதற்கும் துடிப்பவர்தான். அவசரக்குடுக்கை என்று முழுதாகச் சொல்ல நேரமில்லாமல் ஊழியர்கள் அவரைக் குடுக்கை என்றே அழைத்தார்கள். "புதுசா மாதிரி போட்டுச் சுடுங்க. சின்ன உலை சும்மாதானே கிடக்குது? வாங்கறவங்க வர்றதுக்குள்ள எனக்கு எண் வேணும்."

அவள் நாத்தனாருக்குப் போன் செய்தாள்.

"அண்ணி, சின்ன உலையில புது மாதிரி போடணும். முலாம் போட்டதும் போடாததும் ரெண்டும்."

"அதே சூடா?"

"அதே சூடு, அதே நாள் கணக்கு. அதுல குறைக்காதீங்க. ஆனா முடிஞ்ச உடனே சீக்கிரமா எடுத்துக் குடுங்க. குடுக்கை உயிரை வாங்கறாரு."

"சரி விடு, நான் பாத்துக்கறேன்" என்றார் நாத்தனார்.

சில வாரங்களில் மாதிரிகள் வந்தன. அளவுக்கூடத்தின் கதவைச் சாத்திக்கொண்டு அவள் வேலையை ஆரம்பித்தாள். ஒவ்வொரு கம்பியிலும் நான்கு இடத்தில் மெல்லிய ஒயர்களைப் பற்றவைப்பாள். இரண்டு வழியாக மின்சாரம் போகும். மற்ற இரண்டில் எவ்வளவு தடை என்று பார்ப்பாள். முதலில் அறையின் சூட்டில் ஒரு தடவை. பிறகு கம்பியை ஹீலியம் கலத்துக்குள் இறக்கி, இழைகள் தங்கள் குணத்தை விடுகிற புள்ளிக்குச் சற்று மேலே மறுபடி ஒரு தடவை. முதல் எண்ணை இரண்டாவது எண்ணால் வகுத்தால் விகிதம். கடுங்குளிரில் சுத்தமான செம்புக்குத் தடை மிகவும் குறைந்துவிடும், அதனால் விகிதம் பெரிதாக வரும். செம்புக்குள் வேறு ஏதாவது கலந்திருந்தால் எவ்வளவு குளிர்ந்தாலும் தடை ஓரளவுக்கு மேல் இறங்காது. விகிதம் சிறிதாகிவிடும். நூற்றுக்குக் குறையக் கூடாது என்பது ஒப்பந்தம்.

முலாம் போடாத கம்பிகள் நூற்றை அநாயாசமாகத் தாண்டின. முலாம் போட்டவை அறுபதிலேயே நின்றுவிட்டன.

அவள் எண்ணை நம்பவில்லை. ஒயர்களைப் பிரித்து மறுபடி பற்றவைத்தாள். அதே எண். ஒரு கம்பியின் மேலிருந்த குரோமை ஆசிட்டில் கரைத்து நீக்கிவிட்டு அளந்தாள். அப்போதும் ஏறவில்லை. அப்படியானால் தடை மேலே இருக்கிற பூச்சில் இல்லை. சுடும்போது குரோம் செம்புக்குள்ளேயே இறங்கியிருக்கிறது. ஒரே கம்பி, ஒரே உலை, ஒரே சூடு. வித்தியாசம் முலாம் மட்டும்தான். அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது.

அன்று மாலை வீட்டில் கணவரின் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாள். மகளுக்கு வரப்போகிற தேர்வைப் பற்றிப் பேசினார்கள். குழாய் ஒழுகுவதைப் பற்றிப் பேசினார்கள். அவர் நல்ல மனநிலையில் இருந்தார். இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டார். அவள் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். வேறொன்றும் சொல்லவில்லை.

மறுநாள் கூட்டத்தில் மேலாளர் இருந்தார். வாங்குபவர்களின் சார்பில் வந்திருந்த பொறியாளர் இருந்தார். முலாம் பிரிவுக்காகக் கணவரும், உலைக்காக நாத்தனாரும் இருந்தார்கள். அவள் எழுந்து எண்களைச் சொன்னாள். "முலாம் போடாத செம்பு சுத்தமா இருக்கு. முலாம் போட்டது அழுக்காயிருக்கு. குரோம் உள்ள இறங்கியிருக்கு. இந்தச் சுருளை ஓட்டறது ஆபத்து."

கணவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"நீங்க எத்தனை மாதிரி பாத்தீங்க?"

"எல்லாத்தையும் பாத்தேன். எல்லாமே அப்படித்தான்."

அலுவலகத்தில் அவர் அவளை நீங்க என்றுதான் பேசுவார், வீட்டில் நீ என்று. மற்றவர்கள் முன்னால் மரியாதை குறையக் கூடாது என்பது அவர் பழக்கம். அதனால் அந்த நீங்க அவளை உறுத்தவில்லை. மாலையில் வீட்டுக்கு வந்ததும் அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "சாவி எங்க வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

அதன்பிறகு வீட்டில் எல்லாம் நீங்கதான். "நீங்க சாப்பிட்டுடுங்க, நான் அப்புறம் சாப்பிடறேன்." "உங்க போன் அடிக்குது பாருங்க." மகள் முதலில் சிரித்தாள். பிறகு இருவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரிப்பதை நிறுத்தினாள். "அப்பா, வீட்டுக்கு யாராவது விருந்தாளி வந்திருக்காங்களா?" என்று ஒருநாள் கேட்டாள்.

தொழிற்சாலையில் மேலாளர் சும்மா இருக்கவில்லை. சுருள் ஒரு மூலையில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. அடுத்த சுருளுக்காக முலாம் போட்டு, இன்னும் உலைக்குப் போகாத ரீல்கள் பல இருந்தன. அவற்றின் குரோமை உரித்து எடுத்துவிடச் சொன்னார்.

"உரிக்கலாம். ஆனா நிதானமா செய்யணும்" என்றார் கணவர். "ஆசிட்ல கொஞ்சம் கூடுதலா கிடந்தாலும் செம்பைத் தின்னுடும்."

"நிதானத்துக்கெல்லாம் எங்க நேரம் இருக்கு?"

உரித்தார்கள். பெரும்பாலான ரீல்கள் பிழைத்தன. சிலவற்றின் மேல்பரப்பு சொரசொரப்பானது. ஒரு ரீல் முழுதாகப் போயிற்று. அம்மைத் தழும்பு விழுந்த முகம் மாதிரி செம்பு குழி குழியாக அரித்திருந்தது. அந்த ரீலைக் கழிவுக்கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனதை அவள் அளவுக்கூடத்துச் சன்னல் வழியே பார்த்தாள். தள்ளியது ஊழியர் யாரும் அல்ல. கணவர்தான். தள்ளுவண்டியின் ஒரு சக்கரம் நேராக ஓடாமல் இழுத்தது. அவர் அதை ஒவ்வொரு அடிக்கும் நிமிர்த்தி நிமிர்த்தித் தள்ளினார். அவளுக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் எண் எண்தானே என்றும் இருந்தது.

ஒரு விடுமுறை நாளில் நாத்தனார் கீழே இறங்கி வந்து கூடத்தில் துணி தேய்த்துக்கொண்டிருந்தார். மாடியில் இஸ்திரிப்பெட்டி கெட்டுவிட்டது என்பது சாக்கு. தம்பி வெளியே போயிருக்கிற நேரம் பார்த்துத்தான் வந்திருந்தார்.

"என் தம்பி ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறான். நீயும் பேச மாட்டேங்கற. இந்த வீட்டுல இஸ்திரிப்பெட்டி ஒண்ணுதான் சூடா இருக்கு."

"நான் என்ன அண்ணி செய்ய? வந்ததைச் சொன்னேன்."

"சொல்லாதேன்னு யாரு சொன்னா? எனக்கும் அந்த மாதிரிக் கம்பியில பங்கு இருக்கு, ஞாபகம் வெச்சுக்கோ. நீ அவசரம்னு சொன்னதுக்காக, சூட்டோட குழாயை வெளிய இழுத்து ஃபேன் வெச்சு ஆறவெச்சேன். அந்தக் குழாய் போட்ட சத்தத்துல எனக்கு நெஞ்சே அடைச்சுப் போச்சு."

அவள் மடித்துக்கொண்டிருந்த துணி கையிலேயே நின்றது. "ஃபேன் வெச்சீங்களா?"

"பின்ன? நீதானே சீக்கிரம் எடுத்துக் குடுங்கன்னு சொன்ன."

"பெரிய உலையில சுருள் எப்படி ஆறுச்சு?"

"அதை யாரு இழுக்க முடியும்? கதவைச் சாத்தினபடியே நாள்கணக்கா அதுவா ஆறும். கைவெக்கவே ஒரு வாரம் ஆச்சு. ஏன்?"

அவள் துணியைக் கீழே வைத்தாள். படித்தது எப்போதோ; மறக்கவும் இல்லை. ஆனால் தேவைப்பட்ட நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. கொதிக்கிற தண்ணீரில் சர்க்கரை நிறையக் கரையும். ஆறும்போது அந்த அளவு கரைந்து நிற்க இடமிருக்காது. மெதுவாக ஆறவிட்டால் சர்க்கரை தானே பிரிந்து கட்டி கட்டியாக ஒதுங்கும். செம்புக்குள் குரோமும் அப்படித்தான். கடும் சூட்டில் உள்ளே கரையும். மெதுவாக ஆறினால் அங்கங்கே திரண்டு ஒதுங்கி, மற்ற இடத்தில் செம்பைச் சுத்தமாக விட்டுவிடும். சட்டென்று குளிரவைத்தால் ஒதுங்க நேரம் கிடைக்காமல் எல்லா இடத்திலும் தனித்தனியாகச் சிக்கி நிற்கும். ஒரு தெருவில் ஆயிரம் பேர் ஆளுக்கொரு இடமாக நின்றால் நடக்க முடியாது. அதே ஆயிரம் பேர் ஓரமாகக் கூடி உட்கார்ந்துவிட்டால் வழி கிடைக்கும். மின்சாரத்துக்கும் அதே கதைதான்.

அவள் அளந்தது சரி. ஆனால் அவள் அளந்த கம்பி வேறு, மூலையில் தார்ப்பாய்க்குள் கிடந்த சுருள் வேறு.

"அண்ணி, அந்த மாதிரிகளை மறுபடி சின்ன உலையில வெக்கணும். இந்தத் தடவை சூடு குறைவா. முடிஞ்சதும் கதவைத் தொடவே கூடாது. தானா ஆறட்டும்."

"வெச்சா?"

"வெச்சுப் பாத்தாத்தான் தெரியும்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "அவர்கிட்ட எதுவும் சொல்லாதீங்க."

நாத்தனார் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "ஏன் சொல்லக் கூடாது?"

"ஏறலைன்னா?"

"ஏறினா?"

"அப்பவும் கூட்டத்துலதான் சொல்லணும். கெட்டதை அங்க சொல்லிட்டு நல்லதை வீட்டுல சொன்னா அது என்ன நியாயம்?"

"உன் நியாயத்தைக் கொண்டுபோய் அந்த ஹீலியத்துல போடு" என்றார் நாத்தனார். ஆனாலும் தம்பியிடம் வாய் திறக்கவில்லை. அந்த நாட்களில் அவர் மாடியிலிருந்து இறங்குவதையே குறைத்துக்கொண்டார். இறங்கினால் சொல்லிவிடுவோமோ என்ற பயம்.

அதே மாதிரிகள், அவள் அறுபது என்று கூட்டத்தில் சொன்ன அதே கம்பிகள், மெதுவாக ஆறித் திரும்பி வந்தன. பற்றவைத்து, கலத்தில் இறக்கி, வகுத்துப் பார்த்தாள். விகிதம் நூற்று நாற்பதுக்கு மேலே இருந்தது. ஒவ்வொன்றும் அப்படியே. சந்தேகம் தீர்வதற்காக ஒரு கம்பியை மறுபடி கடும் சூட்டுக்கு ஏற்றி ஃபேன் வைத்து ஆறவைக்கச் சொன்னாள். அதன் விகிதம் சொன்னபடி கேட்டு மறுபடி விழுந்தது. அவளுக்குள் ஒரு மகிழ்ச்சி வந்தது. உடனே கழிவுக்கூடத்துக்குப் போன ரீல் நினைவுக்கு வந்தது. இரண்டும் சேர்ந்ததில் அன்று மதியச் சாப்பாட்டைப் பாதியில் மூடிவைத்தாள்.

மறுபடி கூட்டம். அதே மேசை, அதே ஆட்கள். அவள் எழுந்தாள்.

"போன தடவை நான் சொன்ன எண் சரி. அதை வெச்சு சுருளைப் பத்திச் சொன்னது தப்பு. மாதிரியை வேகமா ஆறவெச்சுட்டோம். அப்படிக் கேட்டது நான்தான். மெதுவா ஆறினா இதே கம்பி தேறிடுது. சுருள் மெதுவாத்தான் ஆறியிருக்கு. ஓட்டிப் பாக்கலாம்."

"அப்போ ரீலை ஏன் உரிச்சோம்?" என்றார் மேலாளர்.

"நான் சொன்னதை நம்பி உரிச்சீங்க."

மேலாளருக்கு அவளைத் திட்டவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. உரிக்கச் சொல்லி அவசரப்படுத்தியது அவர்தான் என்பது அறையில் எல்லாருக்கும் தெரியும். பொறியாளர் மட்டும் ஏதோ யோசித்துவிட்டு, சின்ன உலையில் மாதிரிகள் ஆறுகிற விதத்தையும் இனி ஒப்பந்தத்தில் சேர்த்துவிடலாம் என்றார். கூட்டம் முடிந்ததும் கணவர் முதல் ஆளாக எழுந்து போனார்.

அவர் சந்தோஷப்படுவார் என்று அவள் எதிர்பார்த்தாளா என்று கேட்டால், ஓரளவு எதிர்பார்த்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். அன்று மாலை அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள்.

"இது எப்போ தெரிஞ்சுது?"

"போன வாரம் சந்தேகம் வந்துச்சு. முந்தாநாள் உறுதியாச்சு."

"அக்காவுக்குத் தெரியும்."

"சுட்டுத் தரணுமே. தெரியாம எப்படி?"

"அக்காவுக்குத் தெரியும், உனக்குத் தெரியும். எனக்கு மட்டும் கூட்டத்துல தெரியணும்." குரல் உயரவில்லை. ஆனால் நீங்க போய்விட்டிருந்தது. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. "என் முலாம் மோசம்னு சொன்ன. சரி, உன் வேலை அது. அதுக்கு நான் கோவிச்சுக்கல. அதுக்கு முந்தின நாள் என் எதிர்ல உக்காந்து சாப்பிட்டியே. குழாய் ஒழுகுதுன்னு பேசினியே. எனக்குத் தண்ணி ஊத்திக் குடுத்தியே. அப்பவே உனக்குத் தெரியும். இன்னைக்கு எண்ணைச் சரி பண்ணிட்ட. அந்தச் சாப்பாட்டை எப்படிச் சரி பண்ணுவ?"

அவள் அடுப்பை அணைத்தாள்.

"அன்னைக்குச் சொல்லியிருந்தா நீங்க என்ன செஞ்சிருப்பீங்க?"

"ஒண்ணும் செஞ்சிருக்க மாட்டேன். கேட்டுக்கிட்டு இருந்திருப்பேன்."

"நீங்க கெஞ்சியிருக்க மாட்டீங்க. அது எனக்குத் தெரியும். உங்க முகத்தைப் பாத்து நான்தான் வளைஞ்சிருப்பேன். இன்னும் ரெண்டு மாதிரி பாக்கறேன்னு சொல்லியிருப்பேன்."

"பாத்திருக்கலாமே."

அவர் சொன்னது வாதத்துக்காகச் சொன்னது அல்ல. இன்னும் இரண்டு மாதிரி பார்த்திருந்தால், எப்படி ஆறவைத்தீர்கள் என்று யாராவது கேட்டிருப்பார்கள். அந்த ரீல் பிழைத்திருக்கும். வளைந்துவிடுவோமோ என்ற பயத்தில் அவள் அவசரமாக நிமிர்ந்து நின்றிருக்கிறாள்.

"பாத்திருக்கலாம்" என்றாள்.

அவர் தட்டுகளை எடுத்து வைத்தார். அதைச் சமாதானம் என்று சொல்ல முடியாது. பேச்சு வந்தது, அவ்வளவுதான்.

சுருளை ஓட்டிப் பார்த்தார்கள். சோதனைக்கூடத்தின் நடுவே பெரிய கலத்துக்குள் அதை இறக்கி, நாள்கணக்காகக் குளிரவைத்து, மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். முதல் முறை பாதியிலேயே எங்கோ ஓர் இழை நழுவிச் சூடானது. ஹீலியம் புஸ்ஸென்று பொங்கி வெளியேறியது. எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். மேலாளர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். மின்சாரம் செம்புக்குத் தாவி, சுருள் அதைத் தாங்கி, பாதுகாப்பாக இறங்கியது. எதுவும் உருகவில்லை. புதுச் சுருள்கள் முதலில் அப்படித்தான் முரண்டு பிடிக்கும். மூன்றாவது முயற்சியில் சொன்ன அளவை எட்டியது. பொறியாளர் கணவரின் கையைக் குலுக்கினார். கணவர் அந்தக் கையோடு அக்காவைக் காட்டி, "ஆறவெச்சது அவங்கதான்" என்றார். மனைவியைக் காட்டவில்லை. அவளும் அதை எதிர்பார்க்கவில்லை.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சில மாதங்கள் கழித்து, உரித்து மறுபடி முலாம் போட்ட ரீல்களின் மாதிரிகள் அளவுக்கூடத்துக்கு வந்தன. இந்த முறை நாத்தனார் உலைக்கதவைத் தொடவே இல்லை. யாராவது தொட்டால் கையை ஒடிப்பேன் என்று வேறு சொல்லிவைத்திருந்தார். எல்லாம் மெதுவாகத்தான் ஆறியது. அப்படியும் சில ரீல்களின் விகிதம் எழுபதைத் தாண்டவில்லை. அவள் அவற்றை மறுபடி குறைந்த சூட்டில் வைத்து மெதுவாக ஆறவைத்துப் பார்த்தாள். எண் ஏறவில்லை. குரோமாக இருந்தால் ஒதுங்கியிருக்கும். இது ஒதுங்க மறுக்கிற வேறு எதுவோ.

மேலாளரின் அறைக்குப் போகிற வழியில் படிக்கட்டு இரண்டாகப் பிரியும். மேலே போனால் அவர் அறை. கீழே போனால் முலாம்கூடம். அவள் கீழே போனாள்.

பட்டப்பகல் வெளிச்சத்தில் தொட்டிகள் வரிசையாக இருந்தன. காற்றில் அமில நெடி. கணவர் ரப்பர் கையுறையோடு ஏதோ கொக்கியைக் கழுவிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் குழாயை மூடினார். அவள் அங்கே வந்து வருடக்கணக்காகிறது.

"விகிதம் விழுந்திருக்கு" என்றாள். "எல்லாத்துலயும் இல்ல, சில ரீல்ல மட்டும். மெதுவா ஆறினதுதான். திருப்பி வெச்சும் பாத்தேன், ஏறல. இன்னும் யார்கிட்டயும் சொல்லல. இனிமேதான் மேல போய்ச் சொல்லணும்."

அவர் கையுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். "எந்த ரீல்?"

அவள் சொன்னாள். அவர் கண்ணை மூடித் திறந்தார்.

"நிக்கல்" என்றார்.

"என்னது?"

"உரிச்சதுல சில ரீல் சொரசொரன்னு ஆயிடுச்சு. அதுமேல குரோம் ஒட்டல, செதில் செதிலா உதிர்ந்துச்சு. அதனால அடியில மெல்லிசா நிக்கல் போட்டேன். அப்புறம் கச்சிதமா ஒட்டிக்கிச்சு. பாக்க அவ்வளவு அழகா இருந்துச்சு."

அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. செம்பும் நிக்கலும் உறவுக்காரர்கள் மாதிரி. ஒன்றுக்குள் ஒன்று எவ்வளவு வேண்டுமானாலும் கரையும். எவ்வளவு மெதுவாக ஆறினாலும் பிரியாது.

"யார்கிட்ட சொன்னீங்க?"

"யார்கிட்டயும் சொல்லல. சொன்னா மறுபடி கூட்டம், மறுபடி என் முலாமைப் பத்திப் பேச்சு. தாங்கலை." அவர் தொட்டியின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "இது எப்போ பாத்த?"

"காலைல ஆரம்பிச்சேன். இப்பத்தான் முடிஞ்சுது."

"அப்போ நேத்துச் சாப்பாட்டுல வில்லங்கம் இல்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. ஆனால் முகம் கொஞ்சம் இளகியது.

"நான் வேணா நிக்கல்னு சொல்லாம எண்ணை மட்டும் சொல்லட்டுமா?" என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் தான் வளைகிறோம் என்று உறைத்தது. அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். அவளை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"வேண்டாம். எண்ணை நீ சொல்லு. நிக்கலை நான் சொல்லிக்கறேன்."

கையைத் துடைத்துக்கொண்டு அவர் முன்னால் நடந்தார். அவளும் பின்னாலேயே படியேறினாள்.

மேலாளர் எழுந்து குதித்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். கணவர் எதையும் மறைக்கவில்லை. எந்தெந்த ரீலில் நிக்கல் போட்டார், எவ்வளவு தடிமன், ஏன் போட்டார், ஏன் சொல்லவில்லை என்று நின்றபடியே சொல்லி முடித்தார். அந்த ரீல்கள் எல்லாம் கழிவுக்குப் போயின. ஓர் ஆண்டுக்குப் புது ரீல் எதையும் அவர் தனியாக முடிவு செய்து பூசக் கூடாது, அளவுக்கூடத்தின் ஒப்புதல் வேண்டும் என்று உத்தரவு வந்தது. அதாவது மனைவியின் ஒப்புதல். பொட்டலம் கட்டும் பிரிவுக்கு அதைவிடப் பெரிய விருந்து வேறென்ன வேண்டும்? பல நாட்கள் அதையே வைத்துச் சிரித்தார்கள்.

நிக்கல் தொட்டியைக் கூடத்தின் மறுகோடிக்கு மாற்றச் சொன்னது கணவரேதான். மாற்றிய அன்று அவள் பார்க்கப் போயிருந்தாள். தொட்டி இருந்த இடத்தில் தரை பச்சையாகக் கறைபட்டிருந்தது. அவர் முழங்காலிட்டு அதைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"போகாது போல இருக்கு" என்றாள்.

"போற அளவுக்குப் போகட்டும். அந்த வாளியை இப்படித் தள்ளு."

அவள் தள்ளினாள்.